கண்ணெதிரே இருக்கிற .எஸ்ஓ, ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்கிற லாக்: பிளகின் கம்பைல் அனுபவங்கள்

காட்பாடி ஜங்ஷன்:

கலெக்ட்டி (சர்வர் நிலவரத்தை அளந்து பதிகிற மென்பொருள்), பழைய 5.4 வரிசை, சோர்ஸிலிருந்து கட்டியது. தேவைப்பட்ட பிளகின் (ஓடும்போது அதில் ஏறுகிற .எஸ்ஓ லைப்ரரி ஃபைல்) மூன்று: யூபிஎஸ்ஸுக்கு ‘நட்’, சூட்டுக்கு ‘சென்சார்ஸ்’, எழுதி வைக்க ‘ஆர்ஆர்டிடூல்’. கத்திரி வெயிலில் நம்ம ஊரில் சர்வர் ரூம் ஏசி ஒரு மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றும் எதற்கு என்று சொல்ல வேண்டாம்.

கட்டியது ஒரு மெஷினில், ஓட வேண்டியது இன்னொன்றில். கான்ஃபிகர் கடைசியில் காட்டுகிற பட்டியலில் மூன்றுக்கும் ‘யெஸ்’. மேக், மேக் இன்ஸ்டால் இரண்டும் சுத்தம். /ஆப்ட்/கலெக்ட்டி ஃபோல்டரை அப்படியே டார் செய்து சர்வரில் விரித்து டீமனைக் கிளப்பினால் லாக்கில் ஒரு வரி: நட்.எஸ்ஓ திறக்க முடியவில்லை, ஃபைல் நாட் ஃபவுண்ட்.

எல்எஸ் போட்டால் /ஆப்ட்/கலெக்ட்டி/லிப்/கலெக்ட்டி உள்ளே நட்.எஸ்ஓ இருக்கிறது. பர்மிஷன் 755. பெயரில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இன்றைக்கும் உறுத்துகிற இடம் இதுதான். கண்ணெதிரே இருக்கிற ஃபைலை இல்லை என்கிறது.

இல்லாதது நட்.எஸ்ஓ அல்ல, அது நம்பியிருக்கிற இன்னொன்று. சர்வரில் நட்.எஸ்ஓ மேல் எல்டிடி (ஒரு ஃபைல் எந்தெந்த லைப்ரரியை நம்பியிருக்கிறது என்று காட்டும் கமாண்ட்) ஓட்டியதும் லிப்யூபிஎஸ்கிளையன்ட் எதிரே ‘நாட் ஃபவுண்ட்’. கட்டிய மெஷினில் டெவ் பேக்கேஜ் (கட்டுவதற்குத் தேவையானது) போட்டபோது ரன்டைம் பேக்கேஜும் (ஓடுவதற்குத் தேவையானது) கூடவே வந்துவிட்டது. சர்வரில் யாரும் அதைப் போடவில்லை. கட்டிய மெஷினில் ‘டிபிகேஜி -எஸ்’ என்று அந்த லைப்ரரியின் முழுப் பாதையைக் கொடுத்தால் எந்த பேக்கேஜ் என்று சொல்லிவிடும் (எஸ் பெரிய எழுத்து). பெயருக்குப் பின்னால் எண் ஒட்டியிருக்கும் பேக்கேஜ் அது. சர்வரில் அது மட்டும் போதும், டெவ் வேண்டாம்.

பழைய பதிப்புகள் லிப்டூலின் எல்டிடிஎல் என்கிற இடை லைப்ரரி வழியாகப் பிளகினைத் திறந்தன. லோடர் (ஓடும்போது லைப்ரரியைத் தேடி ஏற்றுவது) சொன்ன உண்மைக் காரணத்தை விழுங்கிவிட்டு ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் திருப்பித் தந்தது அதுதான். பிற்பாடு வந்த பதிப்புகள் நேரடியாக டிஎல்ஓப்பன் செய்வதால் (லோடரையே கேட்பதால்) எந்த லைப்ரரி என்று லாக்கிலேயே வருகிறது. அந்தப் பழைய லாக் வரியின் பின்பாதியிலும் ‘டிபென்டென்சி இல்லாமல் இருக்கலாம், எல்டிடி பாருங்கள்’ என்று எழுதியிருக்கும். முன்பாதியைப் படித்ததுமே கை எல்எஸ்ஸுக்குப் போய்விடுகிறது.

ராணிப்பேட்டை_மேக்ஃபைல்:

இங்கே பிழை ஓடும்போது வரவில்லை, லிங்க் செய்யும்போதே (கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரியோடு இணைக்கும்போதே) நின்றது. ‘கேனாட் ஃபைண்ட் -எல்ஆர்ஆர்டி’. பார்த்தால் லிப்ஆர்ஆர்டி.எஸ்ஓ.8 இருக்கிறது.

லிங்கர் தேடுவது எண் இல்லாத லிப்ஆர்ஆர்டி.எஸ்ஓ. அது வெறும் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்), டெபியன் உபுண்டுவில் லிப்ஆர்ஆர்டி-டெவ் பேக்கேஜுக்குள் வரும். லோடர் தேடுவது எண் உள்ளது, அது ரன்டைம் பேக்கேஜில். ஃபெடோரா, அல்மா பக்கம் ஆர்ஆர்டிடூல்-டெவெல். சென்சார்ஸுக்கு டெபியனில் லிப்சென்சார்ஸ்-டெவ், ஃபெடோராவில் எல்எம்_சென்சார்ஸ்-டெவெல். பெயரை ஊகிக்க வேண்டாம்: ஏபிடி-ஃபைல் சர்ச் ஆர்ஆர்டி.ஹெச், இல்லையென்றால் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் ‘*/ஆர்ஆர்டி.ஹெச்’.

வாலாஜா ரோடு:

டெவ் பேக்கேஜ் இறக்க நெட் இல்லாத மெஷின் இருக்கே, அங்க என்ன பண்ணுவீங்க? எல்என் -எஸ் போட்டு லிப்ஆர்ஆர்டி.எஸ்ஓ.8-ஐ லிப்ஆர்ஆர்டி.எஸ்ஓன்னு காட்டிவிட்டா லிங்க் ஆகுது. ஹெட்டர் ஃபைலை மட்டும் வேற மெஷின்லேர்ந்து பென்டிரைவ்ல எடுத்துக்கணும், அதே பதிப்பு ஹெட்டரா இருக்கணும். உபுண்டு 22.04-ல ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிரிப்ஷன் லைப்ரரியோட லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கேட்டு நின்ன பழைய பிளகினுக்கும் இதே வழிதான், .3-ஐ .1.1-ன்னு லிங்க் போட்டாச்சு. ‘நாட் ஃபவுண்ட்’ போயிடுச்சு.

குடியாத்தம் தறி:

வாலாஜா அண்ணா, நீங்க சொன்ன ரெண்டு லிங்க்கும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னது சரி, டெவ் பேக்கேஜ் செய்யறதும் அதுதான். ரெண்டாவது ஆபத்து.

.எஸ்ஓ பின்னால இருக்கிற எண் அலங்காரத்துக்கு இல்ல. அந்த எண் மாறினா உள்ளே இருக்கிற ஃபங்ஷன், ஸ்ட்ரக்சர் அமைப்பு மாறிடுச்சு, பழசு புதுசோட சேராதுன்னு அர்த்தம். ‘நாட் ஃபவுண்ட்’ போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, அடுத்த வரியையும் பாருங்க. ‘வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்’னு நிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் தன்னோட சிம்பல் (ஃபங்ஷன் பெயர்) ஒவ்வொண்ணுக்கும் பதிப்பு முத்திரை போட்டிருக்கிறதால லோடர் பிடிச்சுடுது. முத்திரை போடாத லைப்ரரியா இருந்தா பிடிக்காது, பிளகின் ஏறிடும். அப்புறம் எப்பவோ ஒரு நாள் செக்மென்டேஷன் ஃபால்ட்ல விழும், இல்ல தப்பான எண்ணை எழுதிக்கிட்டே இருக்கும். விழுந்தா தெரியும். தப்பா எழுதினா தெரியவே தெரியாது.

சோர்ஸ் கையில இருந்தா லிப்எஸ்எஸ்எல்-டெவ் போட்டு 3-க்கு எதிரா மறுபடி கட்டணும், வேற நேர்வழி இல்ல. பைனரி மட்டும்தான் இருக்குன்னா 1.1.1 வரிசையோட கடைசிப் பதிப்பு 1.1.1டபிள்யூவை /ஆப்ட் கீழ தனியா கட்டி, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் காட்டணும். அந்த வரிசைக்குப் பொது ஆதரவு 2023 செப்டம்பரோட முடிஞ்சது, அதனால நெட்டைப் பார்க்கிற சர்வர்ல வேண்டவே வேண்டாம்.

உபுண்டு 24.04-ல இன்னொண்ணு. லிப்கர்ல்4-ன்னு கேட்டுப் பழகினவங்களுக்கு அது இப்ப லிப்கர்ல்4டி64. 32 பிட் மெஷின்ல 2038-க்கு அப்புறமும் நேரம் தெரியணும்னு பேக்கேஜ் பெயரை மாத்தினாங்க. உள்ளே .எஸ்ஓ பெயர் மாறல. பேக்கேஜ் பட்டியலைப் பழைய ஸ்கிரிப்ட்லேர்ந்து காப்பி பண்றவங்க கவனிக்கணும்.

ஆம்பூர் லெதர்:

கேமரா ஸ்ட்ரீமுக்கு ஜிஸ்ட்ரீமர் (வீடியோ, ஆடியோ கையாளும் மென்பொருள்), அதில் எஸ்ஆர்டி (நெட் வழியே வீடியோ அனுப்பும் முறை) பிளகின். மெசான் செட்டப் (கான்ஃபிகர் மாதிரி) எந்தக் குறையும் சொல்லவில்லை, நிஞ்சா (மேக் மாதிரி) முடிந்தது, ஆனால் லிப்ஜிஎஸ்டிஎஸ்ஆர்டி.எஸ்ஓ பிறக்கவே இல்லை. காரணம், மெசானில் ஃபீச்சர்கள் எல்லாம் ‘ஆட்டோ’. லைப்ரரி இருந்தால் கட்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். வேண்டிய பிளகினை -டிஎஸ்ஆர்டி=எனேபிள்ட் என்று கட்டாயமாக்கினால்தான் அங்கேயே நின்று எது இல்லை என்று சொல்லும். லிப்எஸ்ஆர்டி-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ் போட்டதும் பிறந்தது.

அடுத்து, ஓட வேண்டிய மெஷினில் காட்பாடிக்காரர் சொன்ன அதே கதை, ரன்டைம் இல்லை. போட்டாயிற்று. எல்டிடி சுத்தமாக இருக்கிறது, ஒரு ‘நாட் ஃபவுண்ட்’டும் இல்லை. ஆனாலும் ஜிஎஸ்டி-இன்ஸ்பெக்ட்-1.0 எஸ்ஆர்டிஎஸ்ஆர்சி என்றால் ‘அப்படி ஒரு எலிமென்ட் இல்லை’. லைப்ரரி வந்த பிறகும் இல்லை!

ஜிஎஸ்டி-இன்ஸ்பெக்ட்-1.0 -பி (பிளாக்லிஸ்ட் ‘பி’) போட்டுப் பாருங்கள். முதல் முறை திறக்க முடியாத பிளகினை ஜிஸ்ட்ரீமர் கறுப்புப் பட்டியலில் போட்டு ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொள்கிறது. பிளகின் ஃபைலின் தேதியோ அளவோ மாறினால்தான் திரும்பத் திறந்து பார்க்கும். நாம் ஏற்றியது அது நம்பியிருந்த லைப்ரரியை, பிளகின் ஃபைல் அப்படியே இருக்கிறது. ஹோம் கீழே .கேச்/ஜிஸ்ட்ரீமர்-1.0 உள்ளே ரெஜிஸ்ட்ரி என்று தொடங்கும் .பின் ஃபைலை அழித்தால் அடுத்த முறை புதிதாகத் தேடும். சர்வீஸ் வேறு யூசரில் ஓடினால் அந்த யூசரின் ஹோமில் அழிக்க வேண்டும், நம்முடையதில் அல்ல.

சத்துவாச்சாரி:

பில்ட் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் பிளகின் ஏறுகிறது. மேக் இன்ஸ்டால் செய்த பிறகு அதே பிளகின் லிப்மஸ்கிட்டோ ‘நாட் ஃபவுண்ட்’. ஒரு எழுத்தும் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. சீமேக் (இதுவும் கட்டும் கருவி) புராஜெக்ட், லைப்ரரி /ஆப்ட்/மஸ்கிட்டோ/லிப்-ல் இருந்தது. பில்ட் செய்யும்போது சீமேக் அந்தப் பாதையை ஆர்பாத் ஆக (லோடர் தேட வேண்டிய இடமாக) பிளகினுக்குள் எழுதுகிறது, இன்ஸ்டாலின்போது துடைத்துவிடுகிறது. சீமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் கொடுத்தால் வைத்திருக்கும்.

அதற்கு எல்டி_லைப்ரரி_பாத் (லோடர் தேடும் இடத்தைச் சொல்லும் மாறி) போட்டு டெர்மினலில் ஓட வைத்தது பலன் தந்தது, கரண்ட் போய் வரும் வரை. மெஷின் ரீபூட் ஆனதும் சிஸ்டம்டி கிளப்பிய சர்வீஸில் பிளகின் காணோம். .பாஷ்ஆர்சி-யில் எழுதியது சிஸ்டம்டிக்குத் தெரியாது. சூடோவும் அந்த மாறியை வடிகட்டிவிடும். செட்கேப் செய்த (தனி அதிகாரம் கொடுத்த) பைனரியாக இருந்தால் லோடரே பாதுகாப்புக்காகப் பொருட்படுத்தாது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு ஆகும்.

பிழையைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். ‘.ஹெச் நோ சச் ஃபைல்’ என்றால் கம்பைலர், டெவ் பேக்கேஜ் இல்லை. ‘கேனாட் ஃபைண்ட் -எல்’ என்றால் லிங்கர், எண் இல்லாத .எஸ்ஓ இல்லை. ‘எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்’ என்றால் லோடர், ரன்டைம் இல்லை அல்லது இருக்கிற இடம் அதற்குத் தெரியாது.

கான்ஃபிகர் ‘நோ’ என்றால் திரையை நம்பாதீர்கள், கான்ஃபிக்.லாக் திறந்து அந்த லைப்ரரி பெயரைத் தேடுங்கள். லைப்ரரி இருந்தும் சோதனைப் புரோகிராம் வேறு ஏதோ காரணத்தால் கம்பைல் ஆகாமல் ‘நோ’ வந்திருக்கலாம், அந்தக் காரணம் அங்கேதான் இருக்கும். சீமேக்கில் இதைவிட வழுக்கும். ஃபைண்ட்_லைப்ரரி கிடைக்காததை அடுத்த முறை மறுபடி தேடும். செக்_இன்க்ளூட்_ஃபைல் மாதிரிச் சோதனைகள் தோற்றதைச் சீமேக்கேச்-ல் பதிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காது. டெவ் போட்ட பிறகும் ‘இல்லை’ என்று அடம்பிடித்தால் சீமேக்கேச்.டிஎக்ஸ்டி-ஐ அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பாதை விஷயம். வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, 2019-ல் வேலூரும் மூன்றானது. பழைய விலாசத்தில் தபால் போட்டால் சுற்றித்தான் வரும். லைப்ரரிகளும் அப்படித்தான். முன்பு எல்லாம் /யூஎஸ்ஆர்/லிப் கீழே. மல்டிஆர்ச் (பிராசஸர் வகைக்கு ஒரு ஃபோல்டர்) வந்த பிறகு டெபியன் வகையில் /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ, ராஸ்பெர்ரி பையில் ஆர்ம் அல்லது ஏஆர்ச்64 என்று தொடங்கும் பெயர். பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் தேடி ‘நோ’ என்கும். பிகேஜி-கான்ஃபிக் வைத்தால் அது சரியான இடத்தைச் சொல்லும், கையால் பாதை எழுத வேண்டாம்.

சோர்ஸிலிருந்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ல் ஏற்றியிருந்தால் டெபியனில் எல்டிகான்ஃபிக் (லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் கமாண்ட்) ஒரு முறை ஓட்டினால் போதும். ஃபெடோரா வகையில் அந்த ஃபோல்டரே லோடரின் பட்டியலில் இல்லை. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கீழே ஒரு .கான்ஃப் ஃபைலில் அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக். ஏறியதா என்று எல்டிகான்ஃபிக் -பி (பிரின்ட் ‘பி’), அதை கிரெப்.

பேக்கேஜாக டிஸ்ட்ரோவில் இருக்கிற மென்பொருளையே புதிய பதிப்பில் கட்டுகிறீர்கள் என்றால் ஏபிடி பில்ட்-டெப் ஒரே அடியில் பெரும்பாலான டெவ்களைக் கொண்டுவந்துவிடும். அதற்கு டெப்-எஸ்ஆர்சி (சோர்ஸ் பேக்கேஜ் பட்டியல்) திறந்திருக்க வேண்டும். உபுண்டு 24.04-ல் அது உபுண்டு.சோர்சஸ் ஃபைலில் ‘டைப்ஸ்’ வரியில்.

ஆரணி பட்டு:

சேலை டிசைனைக் கிராஃபுக்கு மாற்றும் முன் துணி நெய்த கோடுகளைப் படத்திலிருந்து நீக்க ஒரு கீகல் ஆப் (கிம்ப் பயன்படுத்தும் பட லைப்ரரிக்கான பிளகின்). எஃப்எஃப்டிடபிள்யூ (ஃபூரியர் கணக்குக்கான லைப்ரரி) தேவை. கம்பைல் சுத்தம், லிங்க் சுத்தம், எல்டிடி-யில் ஒரு ‘நாட் ஃபவுண்ட்’ கூட இல்லை. ஏற்றும்போது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்: எஃப்எஃப்டிடபிள்யூ_பிளான்_டிஎஃப்டி_2டி’. எல்டிடி சுத்தம் என்பதை நம்பி எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். பட்டியலில் இல்லாத லைப்ரரியை எல்டிடி எப்படித் தேடும்?

ரீட்எல்ஃப் -டி போட்டு ‘நீடட்’ (தேவைப்படும் லைப்ரரி) வரிகளைப் பார்த்தால் லிப்எஃப்எஃப்டிடபிள்யூ3 அங்கே இல்லவே இல்லை. கமாண்டில் -எல்எஃப்எஃப்டிடபிள்யூ3 இருந்தது, ஆனால் சோர்ஸ் ஃபைலுக்கு முன்னால். உபுண்டுவின் ஜிசிசி தானாகவே ‘ஆஸ்-நீடட்’ சேர்க்கிறது: லைப்ரரி பெயர் வரும் நேரத்தில் அதைக் கேட்கிற ஆப்ஜெக்ட் இன்னும் வரவில்லையென்றால் வேண்டாததென்று கழற்றிவிடும். சாதாரணப் புரோகிராம் என்றால் உடனே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று லிங்கர் கத்தியிருக்கும். ஷேர்ட் ஆப்ஜெக்ட் கட்டும்போது, தெரியாத சிம்பலைப் பிறகு யாராவது தருவார்கள் என்று விட்டுவிடும்.

லைப்ரரியை ஃபைல் பெயருக்குப் பின்னால் வையுங்கள். கூடவே -டபிள்யூஎல்,--நோ-அன்டிஃபைன்ட் சேருங்கள், இந்தப் பிழை லிங்க் நேரத்திலேயே வந்துவிடும். பிளகின் தன்னை ஏற்றுகிற தாய்ப் புரோகிராமிடமிருந்தே ஃபங்ஷன் வாங்கும் அமைப்பாக இருந்தால் மட்டும் இந்த ஆப்ஷன் ஆகாது, கலெக்ட்டி அப்படிப்பட்டது. எஃப்எஃப்டிடபிள்யூஎஃப் என்று தொடங்கும் ஃபங்ஷன்களுக்கு லைப்ரரியே வேறு, எஃப்எஃப்டிடபிள்யூ3எஃப். ஒரு எழுத்து விட்டாலும் இதே பிழை.

திருப்பத்தூர்:

‘ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்’ என்று லிங்கர் சொன்னாலோ, ‘ராங் இஎல்எஃப் கிளாஸ்’ என்று லோடர் சொன்னாலோ புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். லைப்ரரி கிடைத்துவிட்டது, 32 பிட் 64 பிட் கலந்திருக்கிறது. ‘ஃபைல்’ கமாண்டை இரண்டின் மேலும் ஓட்டினால் ஒரு வரியில் தெரியும். பழைய லேப்டாப்பில் கட்டிய .எஸ்ஓ-வை பென்டிரைவில் கொண்டுவந்த எல்லா இடத்திலும் இதுதான்.

வாலாஜா ரோடு:

குடியாத்தம் தம்பி சொன்னது சரி. லாக்ல அடுத்த வரி அதேதான், ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0. லிங்க்கை அழிச்சாச்சு. லிப்எஸ்எஸ்எல்-டெவ், அது கேட்கிற ரன்டைம் ரெண்டையும் வேற 22.04 மெஷின்ல ஏபிடி டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டுவந்து டிபிகேஜி -ஐ. மறுபடி கட்டினதுல ரீட்எல்ஃப் காட்டற ‘நீடட்’ வரி லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. ஏறுது.