சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து அரைநாள் உலா: 1.2 லிட்டர் சின்ன காருக்கு எந்தச் சாலை, எந்த நேரம்?

பொங்கோல் முக்கோணம்:

வணக்கம். புது கார் வந்திருக்கிறது, முதல் சர்வீஸ் இன்னும் ஆகவில்லை. 1.2 லிட்டர், டர்போ கிடையாது, சிவிடி (படியில்லாத் தானியங்கி) கியர், 37 லிட்டர் எண்ணெய்த் தொட்டி. லைசன்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாததால் முன்னும் பின்னும் ஆரஞ்சு முக்கோணம் ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். காரில் நான்கு பேர்: நாங்கள் இருவர், ஆறு வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு வளைந்து வளைந்து போனால் தலை சுற்றும்.

வார இறுதியில் மூன்று நான்கு மணி நேரம் மரம், கடல், தண்ணீர் பார்த்துக்கொண்டே போய்வர வழி சொல்லுங்கள். கடைத்தொகுதி வேண்டாம். நான்கு பேர் ஏறினால் மவுண்ட் ஃபேபர் மேடு ஏறுமா? புது வண்டிக்கு முதல் 1,000 கி.மீ. வரை என்ன கவனிக்க வேண்டும்?

கிராஞ்சி ரோடு:

இந்தத் தீவில் எங்கே போனாலும் அரை மணி, முக்கால் மணிதான். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள், அதைப் பார்த்துக்கொண்டால் போதும். வருடம் முழுக்க ஏறக்குறைய காலை 7 மணிக்கு விடிந்து மாலை 7 மணிக்கு இருட்டும் ஊர் இது. காலையில் மேற்கே போங்கள், மாலையில் கிழக்கே போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. புதிதாக ஓட்டுபவருக்கு அது பெரிய உதவி.

காலைச் சுற்று: டிபிஇ, எஸ்எல்இ விரைவுச்சாலைகள் வழியாக வந்து அப்பர் தாம்சன் பக்கம் இறங்கி மண்டாய் ரோட்டுக்குள் திரும்புங்கள். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். 2006ல் அரசிதழில் வெளியான ஐந்து மரபுடைமைச் சாலைகளில் இதுவும் ஒன்று. இருபக்கமும் 10 மீட்டர் வரை மரங்களைத் தொடக்கூடாது என்பதால்தான் அந்தக் கூரை கலையாமல் இருக்கிறது. வழியிலேயே அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கம், ராக்கெட் மாதிரி நிற்கும் கோபுரம். காலை 8 மணிக்குள் போனால் நிறுத்த இடம் கிடைக்கும்.

அங்கிருந்து உட்லண்ட்ஸ் ரோடு, கிராஞ்சி ரோடு, கிராஞ்சி வே. உட்லண்ட்ஸ் ரோட்டில் கிராஞ்சி போர் நினைவகம் இருக்கிறது. உடல் கிடைக்காமல் போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் இருக்கின்றன, இந்தியப் படையினரும் அதில் உண்டு. அம்மாவுக்குப் படி ஏறச் சிரமமில்லை என்றால் இறங்கிப் பாருங்கள். கிராஞ்சி அணைமேல் மேற்கே போகும்போது இடப்பக்கம் நீர்த்தேக்கம், வலப்பக்கம் ஜோகூர் நீரிணை. மெதுவாகப் போக ஆசை வரும், ஆனால் பின்னால் லாரி வரும். பூங்கா நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து பார்ப்பதுதான் சரி.

பிறகு நியோ தியூ ரோடு. ஒருவழிக்கு ஒரே தடம், பண்ணைகள், ராணுவ வேலிகள். அது லிம் சூ காங் ரோட்டில் போய் முட்டும். வலப்பக்கம் திரும்பினால் கடைசியில் படகுத்துறை, மேலே சாலை கிடையாது. மீன்பண்ணைப் படகுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக்கொள்ளுங்கள். தெற்கே இறங்கும்போது நீளமாகச் சாலை ஓடும். இந்த ரோட்டின் ஒரு பகுதியைத் தெங்கா விமானத் தளத்துக்கு மாற்று ஓடுபாதையாக முன்பு வைத்திருந்தார்கள். பயிற்சி நாள்களில் விளக்குக் கம்பங்களையே கழற்றிவிட்டு விமானம் இறக்கினார்கள். இந்த நீளச் சாலையில் வேகம் ஏறுவதே தெரியாது, வேகமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலாண்டு லைசன்ஸில் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து.

மொத்தம் 70, 80 கி.மீ. வரும். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் வார இறுதிகளில் மட்டும் இந்தப் பக்கமே வேண்டாம். சுவா சூ காங் இடுகாட்டு நெரிசலில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சைக்கிள் கூட்டமும் இருக்கும். பல தடச் சாலையில் இருவர் இருவராக, ஒரு வரிசையில் அதிகபட்சம் ஐந்து சைக்கிள் வரை சேர்ந்து போக அவர்களுக்கு அனுமதி உண்டு. 1.5 மீட்டர் விட்டுத் தாண்டுங்கள். இரட்டை வெள்ளைக் கோடு இருக்கும் இடத்தில் தாண்டவும் கூடாது, ஓரமாக நிறுத்திப் படம் எடுக்கவும் கூடாது.

கிரீஸ் கை:

வழியை அண்ணன் சொல்லிவிட்டார், நான் வண்டியைச் சொல்கிறேன்.

முதலில் டயர். புது கார் கப்பலில் வரும்போதும் கிடங்கில் நிற்கும்போதும் டயர் தட்டையாகிவிடாமல் இருக்க அதிகமாகக் காற்று அடிப்பதுண்டு. கொடுப்பதற்கு முன் குறைக்க வேண்டும், சில நேரம் விட்டுப்போகும். வண்டி பள்ளத்தில் தடதடவென்று குதித்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் அளவு இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 220 முதல் 250 கிலோபாஸ்கலுக்குள். நான்கு பேர், பை எல்லாம் ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளக்காதீர்கள். 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடக் காட்டும், நீங்கள் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் காற்றுக் குறைவாக நிற்கும். வீட்டுக்குப் பக்கத்து எண்ணெய் நிலையத்திலேயே, கிளம்பின கையோடு அடித்துவிடுங்கள்.

பின்பெட்டித் தரையைத் தூக்கி ஸ்பேர் டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சின்ன கார்களில் இப்போது டயர் கிடையாது, ஒரு பசைப் புட்டியும் சின்ன கம்ப்ரசரும்தான். அந்தப் பசை ஆணி குத்திய ஓட்டைக்கு உதவும். நியோ தியூ மாதிரிச் சாலையில் ஓரக் கல்லில் உரசிப் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் ஆகாது, இழுவை வண்டிதான். புட்டியில் காலாவதித் தேதி உண்டு. மெல்லிய ஸ்பேர் இருந்தால் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

முதல் 1,000 கி.மீ.: எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் விரட்டாதீர்கள், மிதியைத் தரையோடு அழுத்தாதீர்கள். அதைவிட முக்கியம், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காதீர்கள். விரைவுச்சாலையில் ஒரே சீராக ஓடுவதைவிட மண்டாய், லிம் சூ காங் மாதிரி ஏறி இறங்கி வேகம் மாறுகிற சாலைதான் புது எஞ்சினுக்கு நல்லது. முதல் 200, 300 கி.மீ. வரை பிரேக்கையும் பதமாகப் போடுங்கள், தட்டும் பேடும் ஒன்றோடொன்று படிய வேண்டும்.

மவுண்ட் ஃபேபர் தாராளமாக ஏறும். சிவிடி என்பதால் சத்தம் முதலில் கூடும், வேகம் பின்னால் வரும், பயப்பட ஒன்றுமில்லை. இறங்கும்போது எல் அல்லது எஸ் நிலைக்கு மாற்றி எஞ்சினே பிடிக்கும்படி விடுங்கள். உண்மையில், 163 மீட்டர் புக்கிட் தீமாதான் நம் ஊரின் உச்சி. பிரேக் காய்ந்து போகிற மலை இங்கே இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் கேமரன் மலைக்குப் போகும்போது கைகொடுக்கும்.

வாரம் முழுக்க நிறுத்திவிட்டு ஞாயிறு மட்டும் எடுப்பதாக இருந்தால் டேஷ்கேமின் பார்க்கிங் பதிவை அணைத்து வையுங்கள். சின்ன காரின் பேட்டரி சின்னது. ஐந்தாறு நாளில் இறக்கிவிடும், பிறகு பத்து நிமிட ஓட்டத்தில் ஏறாது.

பாசிர் ரிஸ் அக்கா:

மாலைச் சுற்றை யாரும் சொல்லவில்லையே. கடல் வேண்டும் என்றால் கடிகார முள் திசையில் சுற்றுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அப்படிச் சுற்றினால்தான் கடல் பக்கத்துத் தடம் நமக்கு வரும். டிபிஇ, லோயாங் அவென்யூ, சாங்கி வில்லேஜ், அங்கிருந்து நிக்கல் டிரைவ். அம்மாவை இடப்பக்கச் சன்னலோரம் உட்கார வையுங்கள். வளைவு குறைவு, தலை சுற்றாது. முன் இருக்கையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பையன் 1.35 மீட்டருக்குக் கீழே என்றால் பூஸ்டர் இருக்கை சட்டப்படி வேண்டும்.

பிறகு சாங்கி கோஸ்ட் ரோடு, தானா மேரா கோஸ்ட் ரோடு, இசிபி விரைவுச்சாலை. தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்தால் பையனுக்குக் கொண்டாட்டம், ஆனால் ஓட்டுபவர் அண்ணாந்து பார்க்கக்கூடாது. இசிபியில் மேற்கே திரும்பியதும் வெயில் முகத்தில் அடிக்கும். சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீ ராமர் கோயிலில் கும்பிட்டு, 7 மணிக்கு மேல் கிளம்பினால் அந்தத் தொல்லை இல்லை, நகர விளக்குகளும் கிடைக்கும்.

நகரத்தை நெருங்கும்போது கைப்பேசி வழிகாட்டி உங்களை எம்சிஇ சுரங்கத்துக்குள் இறக்கப் பார்க்கும். கேட்காதீர்கள். ஷியர்ஸ் அவென்யூ பலகையைப் பிடித்து பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் மேல் போங்கள். மரினா பே முழுவதும் ஒரே வீச்சில் தெரியும். தடத்தை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் வெட்டக்கூடாது. திரும்ப கேபிஇ. 9 கி.மீ. சுரங்கம், பார்க்க ஒன்றுமில்லை, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். ஞாயிறு இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) கிடையாது.

நிறுத்துவதற்கு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடங்கள் பலவற்றில் ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 7 முதல் இரவு 10.30 வரை இலவசம். எல்லாவற்றிலும் இல்லை, நுழைவுப் பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

நீர்த்தேக்கத்துக்குப் போனால் குரங்கு இருக்கும். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே ஓடிவரும். இறங்கும்போது நான்கு சன்னலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பையன் கையில் பிஸ்கட் வேண்டாம். தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழல் என்று நிறுத்துவீர்கள். மைனா எச்சம் அரை நாள் வெயிலில் காய்ந்தால் பெயிண்டில் தழும்பு விழும். நகத்தால் சுரண்டாதீர்கள், ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். அந்த மரத்தின் சின்னச் சின்ன இலைகள் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் போய் அடையும். அதை மாதம் ஒருமுறை கையால் அள்ளிவிடாவிட்டால் மழைநீர் வடியாமல் தேங்கும்.

வளைவுப் பிரியன்:

அம்மா வராத நாளில் மட்டும்: சவுத் புவோனா விஸ்தா ரோடு. பழைய ஆட்கள் '99 வளைவு' என்பார்கள். கென்ட் ரிட்ஜிலிருந்து பாசிர் பாஞ்சாங் வரை இறக்கம், மழை பெய்தால் இலை வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் போடக்கூடாது.

பழைய அப்பர் தாம்சன் ரோடும் உண்டு. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி ஓடிய 4.865 கி.மீ. சுற்றின் ஒரு பகுதி. அதை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், இப்போது ஒருவழி, ஒரே தடம். குரங்குகள் கடக்க மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். 30ல் ஊர்ந்து போக அருமையான இடம்.

பொங்கோல் முக்கோணம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மழை நேரத்தில் முன்கண்ணாடி வைப்பருக்கும் மசியாமல் மங்குகிறது, ஏன்? அடுத்து, மலேசியாவில் இருக்கும் தெசாரு கடற்கரைக்குப் போக இந்தத் தொட்டி போதுமா?

கிரீஸ் கை:

விரலால் உள்பக்கம் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் மங்கல் உள்ளே: ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று நிலைக்கு மாற்றுங்கள். கோடு விழாவிட்டால் வெளியே. ஏசி கண்ணாடியைக் குளிரவைக்க, வெளியே இருக்கும் ஈரக்காற்று அதில் படிகிறது. அப்போது நேர்மாறு: காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, ஏசி வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்டி, வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள். புது கண்ணாடியில் மெழுகுப் படலம் இருந்தாலும் இப்படித்தான் தெரியும், ஒரு தடவை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைத்துவிடுங்கள்.

கிராஞ்சி ரோடு:

தெசாருவுக்குத் தாராளம். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது முக்கால் தொட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம், திருப்பியும் அனுப்புவார்கள். உங்கள் காரில் முக்கால் என்றால் 28 லிட்டர். லிட்டருக்கு 16 கி.மீ. என்று குறைத்துப் போட்டாலும் 440 கி.மீ. ஓடும். உட்லண்ட்ஸிலிருந்து தெசாரு ஏறக்குறைய 100 கி.மீ.தான், போய்வர அங்கே நிரப்பவே தேவையில்லை. நிரப்பினால் ரான் 97 பெட்ரோல் மட்டும், 95 வெளிநாட்டு வண்டிக்கு விற்கக்கூடாது.

விஇபி (வெளிநாட்டு வண்டிக்கான மலேசிய நுழைவு அனுமதி) ஒட்டுவில்லையை முதலில் வாங்கிப் பொருத்துங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். நுழையும்போது சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், சுங்கச் சாவடிகளும் உண்டு, டச் அண்ட் கோ அட்டையில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சர்வீஸ் முடியட்டும். சனிக்கிழமைக் காலை நெரிசலில் கடற்பாலத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து போவது புது எஞ்சினுக்கும் ஆகாது, புது ஓட்டுநருக்கும் ஆகாது. ஆக, கிராஞ்சிச் சுற்றிலிருந்து தொடங்குங்கள்.