மறு: ஈகோசிஸ்டம் சர்வீஸ் – சேவையா, பயனா, கொடையா?

வணக்கம் நண்பர்களே.

காடு, புல்வெளி, ஆறு போன்ற இயற்கை அமைப்புகள் நமக்குத் தருவதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஈகோசிஸ்டம் சர்வீஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே கேள்வி. ஈகோசிஸ்டம் என்ற சொல்லுக்கே இலங்கைப் பாடநூல்களில் சூழற்றொகுதி, இங்கே தமிழ்நாட்டில் சூழ்நிலை மண்டலம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ‘சேவை’ வேண்டாம், ‘பயன்’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடம் எவ்வளவு தருகிறது என்று நிறத்தால் காட்டும் வரைபடத்தின் தலைப்பிலும் இந்தச் சொல் போய் உட்காரப்போகிறது. அங்கேதான் இடிக்கிறது.

பவானி ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து பவானிசாகர் அணையில் சேர்கிறது. கீழ்பவானிப் பாசனம் மட்டும் 2,07,000 ஏக்கர். ‘நீர்ப் பயன் வரைபடம்’ என்று ஒன்றைக் கையில் கொடுத்தால், பெருந்துறை, காங்கேயம் பக்கம்தான் நிறம் அடர்த்தியாக இருக்கும் என்று எவரும் நினைப்பார். தப்பில்லை, தண்ணீரால் பிழைப்பவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். ஆனால் காப்பாற்ற வேண்டிய இடம் மேலே, அந்தத் தண்ணீர் கிளம்பி வரும் அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கத்துப் புல்வெளியும் சோலையும்.

தருகிற இடம் ஒன்று, பெறுகிற இடம் வேறு. அதனால் இரண்டு சொல் வைத்துக்கொள்ளலாம்: தரும் பக்கத்துக்குச் ‘சூழற்கொடை’, பெறும் பக்கத்துக்குப் ‘பயன்’. ‘இயற்கையின் கொடை’ என்பது ஏற்கெனவே பேச்சில் இருப்பதால் புதிதாகப் பழக்கவும் வேண்டாம். நெல்லைப் பக்கம் கொடை என்றால் அம்மன் கோயில் திருவிழா, தெரியும். முன்னால் ‘சூழல்’ நின்றால் யாருக்கும் வில்லுப்பாட்டு நினைவுக்கு வராது.

2005இல் வந்த ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீடு (Millennium Ecosystem Assessment) இந்தச் சேவைகளைப் பிரித்த நான்கு வகைகளுக்கும் இது ஒத்துவருகிறதா என்று பார்த்தேன். சீராக்கு கொடை (வெள்ளம், தட்பவெப்பம் போன்றவற்றைச் சீராக்குவது), பண்பாட்டுக் கொடை (வழிபாடு, சுற்றுலா போன்றவை), தாங்கு கொடை (மண் உருவாவது போல மற்றவற்றைத் தாங்கி நிற்பது) மூன்றும் சரி. உணவு, மரம் போன்ற பொருள்களைத் தரும் முதல் வகையை ‘வழங்கு கொடை’ என்றால் கூறியது கூறல் ஆகிவிடும். ‘விளைபொருள் கொடை’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், ‘சூழற்கொடை வரைபடம்’ என்று மொட்டையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நீலகிரியில் புல்வெளியாக இருந்த பல இடங்களில் இன்று சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. மரத்தில் சேரும் கார்பனை (கரிமத்தை) மட்டும் கணக்கிட்டால் வரைபடத்தில் அந்தத் தோப்பு கரும்பச்சையாக வரும், பக்கத்துப் புல்வெளி வெளிறிக் கிடக்கும். இந்த மரங்கள் நீரை நிறைய உறிஞ்சுவதால், ஓடைக்கு வரும் நீரைக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழ். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் தோப்புக்கும் புல்வெளிக்கும் வித்தியாசமே தெரியாது. மரம் இல்லாத மேட்டைத் தரிசு என்று எழுதிவைத்து நட்டுத் தள்ளியவர்களின் வாரிசுகள் நாம், இது சின்ன விஷயம் இல்லை. இதே சீகையைத் தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் தண்ணீருக்காகவே அரசு ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீர்க்கொடை, கரிமக்கொடை என்று எதன் கொடை என்பது தலைப்பிலேயே வர வேண்டும்.

முதலில் காப்பாற்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும் ‘முன்னுரிமைப் பகுதி’ என்ற சொல்லில் கை வைக்க வேண்டாம், எல்லாருக்கும் புரிகிறது. பல கொடைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்துக்கு இப்போதைக்குக் ‘கொடைச்செறிவிடம்’ என்று போட்டிருக்கிறேன். நாக்கு சுளுக்குகிறது. யாராவது சுருக்கித் தாருங்கள்.