ஆளே இல்லாத பின் சீட்டுக்கு சீட் பெல்ட் அலாரம் அடிக்கிறது, என்ன செய்யலாம்?

கொங்குச் சாலை:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது காம்பாக்ட் எஸ்யூவி, வாங்கி மூன்று வருடம் ஆகிறது, பின் சீட்டுக்கும் பெல்ட் அலாரம் உள்ள மாடல். கொஞ்ச நாளாகப் பின்னால் இடது பக்கம் யாருமே இல்லாதபோதும் மீட்டரில் அந்த சீட்டின் சின்னம் சிவப்பாக எரிகிறது. வேகம் எடுத்ததும் பீப் சத்தம் ஆரம்பித்து நெடுநேரம் கத்திவிட்டு நிற்கும், அப்புறம் ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. சேலம் - கோவை நாலுவழிச் சாலையில் போகும்போது பெரும்பாலும் அமைதியாக வருகிறது, ஊருக்குள் நுழைந்து வேகத்தடை ஏறி இறங்கினால் போதும், தொடங்கிவிடும்.

வலது பக்கம் பையனுக்கு ஐசோஃபிக்ஸ் சைல்டு சீட் மாட்டியிருக்கிறேன். அங்கேயும் சின்னம் எரிகிறது, ஆனால் அது வண்டி வாங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு எரர் எதுவும் பதிவாகவில்லை, சில வண்டியில் இப்படித்தான் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்சசரி கடையில் பக்கிளில் செருகி வைக்கிற வெறும் கிளிப் ஒன்றை எடுத்துக் காட்டி இதைப் போட்டால் சத்தமே வராது என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அப்பா அம்மா பின்னால்தான் உட்காருவார்கள், அலாரம் அடித்தால்தான் அப்பா பெல்ட்டையே தேடுவார். இப்போது பொய்யாக அடித்து அடித்து, நிஜமாக அடிக்கும்போதும் "அது சும்மா அடிக்குதுப்பா" என்று விட்டுவிடுகிறார். சத்தத்தை விட எனக்கு அதுதான் கவலை. யாராவது இதைச் சரிசெய்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

வயரிங் வேலை:

கார் எலக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பின் சீட் அலாரம் இரண்டு விதமாக வருகிறது. ஒரு வகையில் பக்கிளுக்குள் ஒரு சிறு சுவிட்ச் மட்டும்தான், சீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது வண்டிக்குத் தெரியவே தெரியாது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எந்தெந்த பெல்ட் போட்டிருக்கிறது என்று கொஞ்ச நேரம் காட்டும், ஓடும்போது போட்ட பெல்ட்டை யாராவது கழற்றினால் மட்டும் சத்தம் போடும். இன்னொரு வகையில் சீட் ஃபோமுக்கு அடியிலோ மேலேயோ ஒரு மெல்லிய மேட் இருக்கும், எடை விழுந்தால் அதற்குள் இருக்கிற இரண்டு தகடுகள் ஒட்டி "ஆள் இருக்கிறார்" என்று சிக்னல் போகும். ஆள் இல்லாமலே அடிக்கிறது என்றால் உங்களுடையது இந்த மேட் வகை.

இப்போது பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துவிடலாம். வண்டியை நிறுத்தி இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். இடது சீட் காலியாக இருக்க, கையால் ஃபோமை அங்கங்கே அழுத்தி விடுங்கள், பிறகு சீட்டின் முன் விளிம்பைத் தூக்கி ஆட்டுங்கள். கை எடுத்த பிறகும் சின்னம் போகவில்லை என்றாலோ, ஆட்டும்போது மின்னி மின்னி வந்தாலோ, மேட் அல்லது அதன் வயர். ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டும் சின்னம் அணையவில்லை என்றால்தான் பக்கிள் சுவிட்ச். நீங்கள் சொல்கிற பள்ளம் மேடு கதையைக் கேட்டால் எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். லூஸாக உரசுகிற வயர் சர்வீஸ் சென்டரில் வண்டி அசையாமல் நிற்கும்போது ஸ்கேனரில் மாட்டாது. அதோடு மேட் "ஆள் இருக்கிறார்" என்று சொல்வதை வண்டி பழுது என்றே எடுத்துக்கொள்ளாது, அது சரியான சிக்னல்தானே.

சீட் கவர் வண்டி வாங்கிய பிறகு வெளியே போட்டதா? ரொம்ப இறுக்கமாக இழுத்துக் கட்டிய கவர் ஃபோமை அமுக்கி மேட்டை எப்போதும் அழுத்தியபடியே வைத்திருப்பதை நிறைய பார்த்திருக்கிறேன். கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள், கனெக்டரில் தண்ணீர் ஏறினால் உள்ளே இருக்கிற உலோக முனைகளில் பச்சை பூத்துவிடும். எலியையும் மறக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அதில் கை வைக்கவே கூடாது, மல்டிமீட்டரும் வைக்கக் கூடாது. அது ஏர்பேக், பெல்ட் ப்ரீடென்ஷனர் (மோதும்போது பெல்ட்டைச் சட்டென்று இழுத்து இறுக்குகிற பாகம்) லைன். சிறு கரண்ட் போனாலே வெடிக்கிற சாமான். அந்தப் பக்கம் வேலை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனி மேனுவலில் சொல்கிற நேரம் காத்திருந்து, தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

இரட்டைப்பிள்ளை அம்மா:

சைல்டு சீட் பக்கம் வருவது பழுது இல்லைங்க. ஐசோஃபிக்ஸ் சீட் நேராக வண்டியின் கொக்கியில் மாட்டுவதால் பெல்ட்டுக்கு அங்கே வேலை இல்லை, ஆனால் சீட்டும் குழந்தையும் சேர்ந்த எடை மேட்டின் மேல் விழுகிறது. அதனால் ஆள் இருக்கிறார், பெல்ட் இல்லை என்று வண்டி நினைக்கிறது. நாங்கள் சைல்டு சீட்டைக் கழற்றி, காலி பெல்ட்டை முதுகுப் பக்கம் படிய விட்டு பக்கிளில் போட்டுவிட்டு, அதற்கு மேல் சைல்டு சீட்டை மாட்டினோம். சத்தமும் நின்றது, தொங்கிக் கிடந்த பெல்ட்டைப் பிள்ளைகள் இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயமும் போனது. பெல்ட்டோ பக்கிளோ ஐசோஃபிக்ஸ் கொக்கியை இடிக்காமல் இருக்கிறதா, சீட் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சைல்டு சீட்டோடு வந்த புத்தகத்திலும் ஒருமுறை பாருங்கள். பெல்ட் வைத்துக் கட்டுகிற வகை சைல்டு சீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே பெல்ட்தான் சீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

மைல்கல்:

அந்த கிளிப்பை வாங்காமல் விட்டது ரொம்ப நல்லது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் இந்த கிளிப் பிரச்சினையும் பெரிதாகப் பேசப்பட்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு 13,118 விற்பனைப் பக்கங்களை எடுக்க வைத்தது. இருந்தும் தெருக்கடையில் இன்னும் தொங்குகிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது, மத்திய மோட்டார் வாகன விதி 138(3) படி முன்பக்கம் பார்த்த பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன் சீட்டில் இருப்பவர் முதுகில்தான் போய் விழுகிறார். ஓட்டுகிறவர் பெல்ட் போட்டிருந்தும் அடிபடுவது அப்படித்தான்.

ஏர்போர்ட் டாக்ஸி:

தினமும் டாக்ஸி ஓட்டுகிறேன், எனக்கு வருகிற பொய் அலாரத்தில் பாதி பையால் வருவது. லேப்டாப் பை, பழக்கூடை, ஏன், ஒரு தண்ணீர் கேன் போதும். பையை டிக்கியில் வைக்கச் சொல்வேன், முடியாது என்றால் அந்தப் பையையே பெல்ட் போட்டுக் கட்டிவிடுவேன். சடன் பிரேக் அடித்தால் பையும் முன்னால் பறந்து வராது. காலி சீட், சாமான் சீட் என்றால் பெல்ட்டைப் போட்டு வைப்பதில் தப்பே இல்லை, ஆள் உட்காரும் சீட்டில் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு உட்காருவதுதான் கூடாது.

பக்கிளுக்குள் முறுக்குத் தூள், பாப்கார்ன், ஐம்பது பைசா கூட எடுத்திருக்கிறேன். க்ளிக் என்று சத்தம் வந்தாலும் உள்ளே முழுதாக இறங்காததால் சுவிட்ச் தொடாது. வாக்குவம் போட்டு இழுங்கள், காற்று அடியுங்கள். எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் ஊற்ற வேண்டாம், தூசி இன்னும் ஒட்டிப் பக்கிளே கெட்டுவிடும்.

கொங்குச் சாலை:

எல்லாருக்கும் நன்றி. வயரிங் வேலை சார் சொன்னபடி சீட்டை ஆட்டிப் பார்த்தேன், முன் விளிம்பைத் தூக்கும்போதெல்லாம் சின்னம் மின்னியது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனை வைத்து மெத்தையைத் தூக்கினால், சீட் கவரின் எலாஸ்டிக்கை இழுத்து மாட்டியிருந்த கம்பிக் கொக்கி நேராக மேட் வயரின் மேலேயே மாட்டியிருக்கிறது! கொக்கி முனை உரசி உரசி இரண்டு வயரிலும் தோல் பெயர்ந்து செம்பு தெரிகிறது, வண்டி குலுங்கினால் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. கொக்கியை எடுத்து, வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து டேப் சுற்றியதும் சத்தம் இல்லை. சைல்டு சீட்டையும் இரட்டைப்பிள்ளை அம்மா சொன்ன மாதிரி மாட்டிவிட்டேன், ஆடவில்லை.

டேப்போடு விடலாமா, வாரண்டியில் மாற்றக் கேட்கலாமா? வாரண்டி இன்னும் சில மாதம் இருக்கிறது.

வயரிங் வேலை:

டேப்போடு விடாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் பசை இளகி உருவிக்கொண்டு வந்துவிடும். வாரண்டி என்று கேட்டால், வெளியே போட்ட கவரால் வந்த சேதம் என்று மறுக்க இடம் இருக்கிறது, அதனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காசு கொடுத்தாவது அந்த வயரை முறையாக மாற்றிவிடுங்கள், அல்லது சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுகப் பிடிக்கிற குழாய்) போட்டு மூடச் சொல்லுங்கள். என்ன செய்தார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை எடுப்பதற்கு முன் அப்பாவை இடது சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் இல்லாமல் சின்னம் எரிகிறதா, போட்டதும் அணைகிறதா என்று அங்கேயே பாருங்கள். வயர் அறுந்தே போயிருந்தாலும் மீட்டர் அமைதியாகத்தான் இருக்கும்.