பொது இடத்தில் காவலர் நிறுத்திக் கேட்டால், எதுவரை கட்டுப்பட வேண்டும்?

மாலைநடை (கேள்வி):

சென்ற வாரம் ஒரு மாலையில் பூங்கா இருக்கையில் அமர்ந்து நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்தேன். இருட்டத் தொடங்கிய நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்து பெயரையும் முகவரியையும் கேட்டார்கள், சொன்னேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். பிறகு அவர்களில் மூத்தவர் கையை நீட்டி, போனைப் பூட்டுத் திறந்து கொடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டபோது, "சும்மா ஒரு சோதனைதான். மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்?" என்று சிரித்தார். கொடுத்துவிட்டேன். அவருடைய கட்டைவிரல் என் வாட்ஸ்அப் உரையாடல்களைத் தள்ளிக்கொண்டே போய், என் தங்கை மருத்துவமனையில் இருந்தபோது அனுப்பிய படம் ஒன்றில் வந்து நின்றது. "இது யார்?" என்றார். ஏறத்தாழ 20 நிமிடம் கழித்துப் போனைத் திருப்பித் தந்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எந்தத் தாளிலும் எதுவும் எழுதவில்லை. இருவரும் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அடிக்கவில்லை, திட்டவில்லை, ஆகவே இதைப் பெரிதுபடுத்தாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று: போனை எடுத்துக் கொடுத்தது என் கைதான். அப்படியானால் அது என் சம்மதத்தோடு நடந்ததாகத்தான் கொள்ளப்படுமா? எழுந்து நடந்திருந்தால் அது குற்றமாகியிருக்குமா? இங்கே பல நாடுகளில் வாழும் உறுப்பினர்கள் இருப்பதால், ஒரு நாட்டின் சட்டத்தை மட்டும் கேட்கவில்லை. காவலரின் அதிகாரம் எந்தப் புள்ளியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

வரப்பு:

மாலைநடை அவர்களே, நீங்கள் ஒரே நிகழ்வாக விவரித்திருப்பதைச் சட்டம் இரண்டு மூன்று தனி நிகழ்வுகளாகப் பிரித்துப் பார்க்கும். பெயர் கேட்டது ஒன்று. உங்களைப் போகவிடாமல் நிறுத்தியது இன்னொன்று. போனைத் திறந்து பார்த்தது முற்றிலும் வேறொன்று. ஒன்றுக்கு அதிகாரம் இருப்பதால் அடுத்ததற்கும் அது தானாக வந்துவிடாது.

கேள்வி கேட்பதற்குக் காவலருக்குத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. யாரும் யாரையும் கேட்கலாம். பதில் சொல்லும் கடமை உண்டா என்பதே வினா. இங்கிலாந்தில் 1966இல் தீர்ப்பான ரைஸ் எதிர் கொனொலி வழக்கு இதற்கு இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது. அன்றிரவு திருட்டுகள் நடந்திருந்த பகுதியில் நள்ளிரவு கடந்து நடந்துகொண்டிருந்த ஒருவர், முழுப் பெயரையும் முகவரியையும் சொல்லவும் காவலரோடு செல்லவும் மறுத்தார். காவலரின் கடமையைத் தடுத்ததாகத் தண்டிக்கப்பட்டார். காவல்துறைக்கு உதவுவது சமூகக் கடமையாக இருக்கலாம், ஆனால் சட்டக் கடமை அன்று என்று கூறி, தலைமை நீதிபதி பார்க்கர் தலைமையிலான அமர்வு அத்தண்டனையை நீக்கியது. பொய் சொல்வது வேறு, பதில் சொல்லாதிருப்பது வேறு என்னும் வேறுபாடும் அத்தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது.

நிறுத்திவைப்பதற்கு வரும்போதுதான் காரணம் தேவைப்படுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1968ஆம் ஆண்டு டெர்ரி தீர்ப்பு அதன் அளவைச் சொன்னது: வெறும் உள்ளுணர்வு போதாது, சொல்லிக் காட்டத்தக்க குறிப்பான செய்திகள் வேண்டும். அந்த வழக்கில் கிளீவ்லாந்து நகரத் துப்பறிவாளர், இரண்டு பேர் மாறி மாறி ஒரே கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துத் திரும்புவதை ஏறத்தாழ 12 முறை கண்டபின்புதான் அவர்களை அணுகினார். அப்போதும் ஆயுதம் இருக்கிறதா என்று உடைக்கு மேலே தடவிப் பார்க்க மட்டுமே அனுமதி கிடைத்தது. இதே நீதிமன்றம் 1979இல் பிரௌன் எதிர் டெக்சஸ் வழக்கில், "ஆள் சந்தேகமாகத் தெரிந்தார்" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாத காவலர்கள் ஒருவரை நிறுத்திப் பெயர் கேட்டது செல்லாது என்றது. 2004இல் ஹைபல் வழக்கில், நியாயமான சந்தேகத்தின்பேரில் நிறுத்தப்பட்டவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாநிலச் சட்டம் கேட்கலாம் என ஏற்றுக்கொண்டது. அதுவும் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில்.

இருட்டும் நேரத்தில் பூங்கா இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருப்பதில் சொல்லிக் காட்டத்தக்க செய்தி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஷிப்ட்:

இந்தியாவில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீதிபதிகள் மாதக்கணக்கில் யோசித்து எழுதுவதைத் தெருவில் நிற்பவர் அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் நிறுத்திய பலரில் ஒருவரிடம் கத்தி இருந்ததுண்டு. அவரும் மற்றவர்களைப் போலத்தான் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

சட்டம் காவலருக்குக் கொடுத்திருப்பது கொஞ்சமன்று. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆவது பிரிவைப் பாருங்கள்: குற்றத் தடுப்புப் பணியில் காவல் அலுவலர் இடும் சட்டப்படியான கட்டளைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும், மறுப்பவரை அங்கிருந்து அகற்றலாம், தடுத்து நிறுத்தலாம், பிறகு நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கொண்டுசெல்லலாம் அல்லது சிறு நிகழ்வுகளில் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். 39ஆவது பிரிவின்படி, காவலரின் கண்முன்னே, பிடியாணை (வாரண்ட்) இன்றிக் கைது செய்ய முடியாத சிறு குற்றமொன்றைச் செய்தவர் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தால், அவற்றை உறுதிசெய்வதற்காகவே அவரைக் கைது செய்யலாம். ஆகவே "பதில் சொல்ல மாட்டேன்" என்பதை எல்லா இடத்திலும் ஒரே மந்திரமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இருந்தாலும் இரண்டை ஒப்புக்கொள்கிறேன். முதலாவது, 172இல் "சட்டப்படியான" என்ற சொல் இருக்கிறது. கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்வதற்கும் போனைத் திறக்கச் சொல்வதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. இரண்டாவது, எங்கள் எழுத்துப் பழக்கம். "சந்தேகத்துக்கிடமான முறையில் நின்றுகொண்டிருந்தவரை" என்று தொடங்கும் வாக்கியம் எத்தனையோ அறிக்கைகளில் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். என்ன செய்துகொண்டிருந்தார், எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்று அதற்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னால் பலருக்குப் பேனா ஓடாது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

தெருவில் கையைத் தட்டிவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். நிறுத்தியதே தவறாக இருந்தாலும், உடலால் எதிர்த்த அந்த நொடியில் உங்கள் மேல் ஒரு புதிய வழக்கு பிறந்துவிடும்.

வரப்பு:

ஐயா சொன்ன கடைசி அறிவுரையோடு முழுதும் உடன்படுகிறேன். 172ஆவது பிரிவைப் பற்றி மட்டும் ஒரு தயக்கம்: இவ்வளவு அகலமாக எழுதப்பட்ட அதிகாரம், காரணம் சொல்லும் பழக்கத்தையே மழுங்கடித்துவிடும். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அதற்குச் சான்று. குறித்த பகுதியில் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்றிருந்த அந்த அனுமதி, லண்டன் முழுவதற்கும் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு நிரந்தரமானதுபோல ஆகிவிட்டது. 2003இல் ஆயுதக் கண்காட்சி ஒன்றின் அருகே நிறுத்தப்பட்ட ஒரு மாணவரும் ஒரு பத்திரிகையாளரும் தொடுத்த கில்லன், குவின்டன் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் அது தனிவாழ்க்கை உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தெருவில், பிறர் பார்க்க, பையைத் திறந்து காட்ட வைப்பது விமான நிலையச் சோதனையைப் போன்றதுதான் என்ற அரசின் வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை.

தாழ்வாரம்:

மாலைநடையின் உண்மையான கேள்வி சம்மதத்தைப் பற்றியது. அதை இருவருமே தொடவில்லை. இந்த இடத்தில்தான் நாடுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அமெரிக்காவில், மறுக்கும் உரிமை உண்டு என்பதைக் காவலர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மறுக்கலாம் என்று தெரியாமலே கொடுத்த சம்மதமும், மிரட்டலின்றிப் பெறப்பட்டிருந்தால், சம்மதமாகிவிடும். அதனால்தான் அங்கே வழக்கறிஞர்கள், "நான் போகலாமா?" என்று கேளுங்கள், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சலிக்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்திலோ, 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சாட்சியச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட நடைமுறை விதித்தொகுப்பு, சட்டப்படியான சோதனை அதிகாரம் இல்லாதபோது ஒருவர் சம்மதித்தாலும் அவரைச் சோதிக்கக் கூடாது என்கிறது. சீருடைக்கு முன்னால் நிற்பவர் சொல்லும் "சரி"க்கு எவ்வளவு மதிப்பு என்பதை அறிந்து எழுதிய விதியாகவே அது எனக்குப் படுகிறது. அங்கே சோதனைக்கு முன் காவலர் தம் பெயர், நிலையம், எதைத் தேடுகிறார், ஏன் தேடுகிறார் என்று சொல்ல வேண்டும். பதிவு எழுத வேண்டும். பொதுமக்கள் பார்வையில் மேற்சட்டை, கையுறை போன்ற வெளியுடையைத் தவிர வேறெதையும் கழற்றச் சொல்ல முடியாது.

போன் இன்னும் கடினமான எல்லை. 2014இல் ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முறைப்படி கைதானவரின் போனைத் திறப்பதற்கும் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது; கைதே ஆகாதவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்து, அதில் அரசு நுழைய ஒரு சட்டமும், முறையான நோக்கமும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் வேண்டும் என்றது. "சும்மா ஒரு சோதனைதான்" என்பது இம்மூன்றில் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்று: காவலர் பணியாற்றுவதைச் சற்று விலகி நின்று படம்பிடிப்பது பல நாடுகளில் குற்றமன்று. பாஸ்டன் நகரப் பூங்காவில் ஒரு கைதைப் போனில் பதிவு செய்தவரைக் கைது செய்தது தவறென்று 2011இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் உங்கள் போனே அவர் கையில் இருந்தபோது இந்த உரிமை உங்களுக்கு என்ன பயன் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

மாலைநடை:

அனைவருக்கும் நன்றி. ஷிப்ட் ஐயா சொன்ன "கீழே ஒரு வரி" என் மனத்தில் நின்றுவிட்டது. நாள், நேரம், இருக்கை இருந்த இடம், இருவரின் தோள்பட்டைக் குறிகள், கேட்கப்பட்ட சொற்கள் ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதிவைத்துவிட்டேன். நண்பர் அங்கே வந்துசேர்ந்த நேரத்தை அவருடைய குறுஞ்செய்தி காட்டுகிறது. மேலதிகாரிக்கு அனுப்பும் கடிதத்தில் யாரையும் குற்றம்சாட்டப் போவதில்லை. இரண்டே கேள்விகள்: அன்று என் போன் எந்தச் சட்டப்பிரிவின்கீழ்ப் பார்க்கப்பட்டது, அதற்கான காரணம் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது? பதில் வந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.

மூன்றாம் ஷிப்ட்:

சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், படித்துவிட்டு "பார்த்துக்கொள்கிறோம்" என்று உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.