டேப் ஏ9 பிளஸில் எழுத 2,000 ரூபாய்க்குள் பேனா: வாங்கலாமா, வேண்டாமா?

கணக்கு டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். 14 பேர் வருகிறார்கள். என்னிடம் இருப்பது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். இதுவரை விரலால்தான் எழுதினேன். பின்னம் போட்டால் நடுக்கோடும் எண்ணும் ஒட்டிக்கொள்கின்றன. தசமப் புள்ளி வைத்தால் அது புள்ளியா, கோடா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போன மாதம் 350 ரூபாய்க்கு ரப்பர் முனை பேனா ஒன்று வாங்கினேன். அதற்கும் விரலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது 1,200 ரூபாய்க்கு ஒரு பேனா பார்த்து வைத்திருக்கிறேன். "4096 அழுத்த நிலைகள், உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது, எல்லா டேபுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? 2,000 வரை போகலாம். அதற்கு மேல் முடியாது.

சுருள்கம்பி
டீச்சர், தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்த மூன்று வாக்கியத்தில் முதல் இரண்டும் உங்கள் டேபுக்குப் பொருந்தாது.

அழுத்தம், அதாவது அழுத்தி எழுதினால் கோடு தடிக்கும் வசதி, பேனாவில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. பேனா அனுப்பும் தகவலை வாங்கிக்கொள்ள டேபின் திரைக்குக் கீழே அதற்கான ஏற்பாடு வேண்டும். சாம்சங்கின் எஸ் பென் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். திரைக்கு அடியில் ஒரு பலகை காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று திருப்பிச் சொல்லும். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே வேண்டாம். பேனா திரைக்கு அருகில் வந்ததுமே டேப் விரல் தொடுதலை நிறுத்திவைக்கும். அதனால் உள்ளங்கையை ஊன்றி எழுதலாம்.

டேப் ஏ9 பிளஸில் அந்தப் பலகை இல்லை. எந்தப் பேனாவைக் கொண்டுவந்தாலும் உங்கள் டேப் அதை விரல் என்றே நினைக்கும். 1,200 ரூபாய்ப் பேனா மெல்லிய விரல், அவ்வளவுதான்.

என் யோசனை: இந்த டேபை விற்றுவிட்டு, மேலே கொஞ்சம் காசு போட்டு, பழைய டேப் எஸ்6 லைட் ஒன்றை வாங்குங்கள். 2020இல் வந்தது, பிறகு 2022லும் 2024லும் புதுப்பித்தார்கள். எஸ் பென் பெட்டியோடே வரும். அதற்கு 4096 நிலை என்று சொன்னால் அது நிஜம்.

சிக்கனராசா
சுருள்கம்பி சார், டீச்சர் கேட்டது 2,000 ரூபாய்க்குள் பேனா. நீங்கள் டேபையே மாற்றச் சொல்கிறீர்கள். டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவரிடம் "மேலே கொஞ்சம் காசு போட்டு" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் இரண்டு வருடமாக 700 ரூபாய்ப் பேனாவில் இயற்பியல் எடுக்கிறேன். சார்ஜ் ஏற்றும் வகை. முனை ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். சர்க்யூட் வரைகிறேன், சமன்பாடு எழுதுகிறேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது. அழுத்தம் ஓவியம் வரைகிறவர்களுக்கு வேண்டும். வர்க்கமூலக் குறியைத் தடிமனாகவும் மெலிதாகவும் போட்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? ஆப்பிளே 2023இல் ஐபேடில் எழுத, அழுத்தம் உணராத பென்சில் ஒன்றை 7,900 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தது. எழுதுவதற்கு அழுத்தம் கட்டாயம் என்றால் அதைச் செய்திருப்பார்களா?

சுருள்கம்பி
அழுத்தம் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கணக்குக்கு அது தேவை இல்லை. ஆனால் ஆப்பிளின் அந்தப் பென்சிலுக்கும் ஐபேட் உள்ளங்கையைத் தனியாக அடையாளம் கண்டு ஒதுக்கும். டீச்சரின் டேபில் சிக்கல் உள்ளங்கையில்தான் வரும். உங்கள் 700 ரூபாய்ப் பேனாவில் எழுதும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது?

சிக்கனராசா
மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துத்தான் எழுதுகிறேன். கரும்பலகையில் எழுதுகிறவர் கையை ஊன்றியா எழுதுகிறார்? பழகிவிட்டது. தவிர, உள்ளங்கை மாதிரி அகலமாகப் பட்டால் டேபே ஓரளவு ஒதுக்கிவிடும்.

சுருள்கம்பி
அந்த "ஓரளவு"தான் பிரச்சினை. அகலமாகப் பட்டால் ஒதுக்கும். சுண்டுவிரல் ஓரம் லேசாகப் பட்டால் அதுவும் ஒரு விரல். பேனா ஒரு விரல், சுண்டுவிரல் இன்னொரு விரல். இரண்டு விரல் பட்டால் பக்கத்தைப் பெரிதாக்கச் சொல்கிறோம் என்று செயலி எடுத்துக்கொள்ளும். பாதிக் கணக்கில் பக்கம் பெரிதாகி எங்கோ ஓடும். 14 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கரும்பலகையில் நின்றுகொண்டு தோளிலிருந்து எழுதுகிறோம். மேசையில் கிடக்கும் டேபில் ஒன்றரை மணி நேரம் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

பென்சில்சீவி
நான் ஐபேட் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்து நிலவரம் சொல்கிறேன். 2018 முதல் வந்த ஐபேடாக இருந்தால் வேறு நிறுவனங்கள் செய்யும் 1,500, 2,000 ரூபாய்ப் பேனாக்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. கையை ஊன்றலாம், பேனாவைச் சாய்த்தால் கோடு அகலமாகும். அழுத்தம் மட்டும் கிடையாது. விளம்பரத்தில் "உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது" என்று போடுவது பெரும்பாலும் இந்த ஐபேடுகளை மனதில் வைத்துத்தான். பொடி எழுத்தில் எங்காவது "ஐபேட் 2018 முதல்" என்று இருக்கும், டீச்சர் பார்த்த பக்கத்தில் தேடிப் பாருங்கள். அதே பேனாவில் ஆண்ட்ராய்டுக்கு என்று தனி நிலை ஒன்று இருக்கும். அந்த நிலையில் வைத்தால் சுருள்கம்பி சொன்னது போல அது வெறும் விரல்தான்.

கணக்கு டீச்சர்
இருந்தது! கடைசிப் படத்தில், மிகச் சின்ன எழுத்தில். நல்லவேளை கேட்டேன்.

சிக்கனராசா சார், கையைத் தூக்கி எழுத எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் வலது தோளில் ஏற்கெனவே வலி உண்டு. முனையில் ஒளி ஊடுருவும் சின்ன வட்டு வைத்த வட்டுமுனைப் பேனா என்று ஒன்று விற்கிறதே, அது எப்படி? கையுறை போட்டால் உள்ளங்கை படாது என்றும் ஒருவர் சொன்னார்.

சிக்கனராசா
வட்டுமுனையில் எழுத்து எங்கே விழுகிறது என்று தெரியும், ரப்பரை விட நல்லது. ஏன் அப்படி ஒரு வட்டு வைக்கிறார்கள் என்றால், தொடுதிரைக்குள் உணரிக்கம்பிகள் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. சார்ஜ் இல்லாத பேனா அந்தக் கட்டத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் அந்த அகலத்துக்கு ஏதாவது பட்டாக வேண்டும். அதனால்தான் ரப்பர் முனையும் அவ்வளவு பருமன். ஆனால் உங்கள் வேலைக்கு வட்டு வேண்டாம் என்றே சொல்வேன். கண்ணாடியில் ஒவ்வொரு முறை வைக்கும்போதும் டக் டக் என்று சத்தம் வரும், மைக்கில் அது பிள்ளைகளுக்குக் கேட்கும். வட்டுக்கு அடியில் தூசி சிக்கினால் திரையில் கீறலும் விழலாம்.

கையுறை: ஒற்றைத் துணி கையுறை உதவாது, அதைத் தாண்டியும் திரைக்குக் கை தெரியும். பல அடுக்கு வைத்துத் தைத்தது என்று தேடி வாங்க வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு கைக்குட்டையை நாலைந்து மடிப்பாக மடித்துக் கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். செலவு இல்லை.

சுருள்கம்பி
கைக்குட்டை யோசனை நல்லது, அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் சார்ஜ் ஏற்றும் பேனாக்களைப் பற்றி சார் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சில நிமிடம் சும்மா வைத்தால் பேனா தானாக அணைந்துவிடும். நீங்கள் ஒரு தேற்றத்தை வாயால் விளக்கிவிட்டு எழுதப் போனால் எழுதாது. மறுபடி தட்டி எழுப்ப வேண்டும்.

இரண்டு, கோட்டு நடுக்கம். கடையில் பேனாவைச் சோதிக்கிறவர்கள் வேகமாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஸ்கேல் வைத்து மெதுவாக ஒரு சாய்கோடு போடுங்கள். அலை அலையாக வரும். அந்த உணரிக்கம்பிக் கட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் டேப் இடத்தைத் தோராயமாகக் கணிக்கிறது, அதனால் வருவது. டேபைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே எழுதினால் சில சார்ஜர்களில் இன்னும் மோசமாகும், சார்ஜரின் மின்னிரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். வடிவியல் எடுக்கிறவருக்கு, முக்கோணம் வரைகிறவருக்கு, இது சின்ன விஷயமா?

சிக்கனராசா
சார்ஜர் விஷயம் உண்மை. வகுப்புக்கு முன்னாலேயே முழுக்க ஏற்றிவைத்துவிடுவேன். முக்கோணத்துக்குச் செயலியிலேயே நேர்கோட்டு வசதி இருக்கிறது, யாரும் கையால் வரைய வேண்டியதில்லை. நீங்கள் சொல்கிற குறை எல்லாம் இருக்கிறது சார். இருந்தும் இரண்டு வருடம் வகுப்பு நடந்திருக்கிறது. சரியான கருவி வரும்வரை காத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிடும். அதைத்தான் சொல்கிறேன்.

பலகைப்பித்தன்
முழுக்கப் படித்துவிட்டு வருகிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். டீச்சர், வீட்டில் லேப்டாப் ஏதாவது இருக்கிறதா? பழையதானாலும் சரி.

கணக்கு டீச்சர்
தம்பியுடையது ஒன்று இருக்கிறது. ஏழெட்டு வருடப் பழசு. வீடியோ வகுப்பு நடத்தும் அளவுக்கு ஓடும்.

பலகைப்பித்தன்
அப்படியென்றால் டேபுக்குப் பேனா தேடுவதை விடுங்கள். திரையில்லாத வரைபலகை வாங்குங்கள். கறுப்பாக, தட்டையாக, நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னதாக இருக்கும். யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் செருகினால் போதும், அதன் மேல் எழுதுவது லேப்டாப் திரையில் விழும். ஹுயான், எக்ஸ்பி பென், வாகாம் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. சின்ன அளவு பலகைகள் மூவாயிரத்துக்குள் கிடைக்கும், பழையது என்றால் உங்கள் 2,000க்குள்ளேயே வரலாம்.

சுருள்கம்பி மேலே சொன்ன அதே காந்தப்புல முறைதான் இதிலும். பேனாவில் பேட்டரி இல்லை, தானாக அணையும் பேச்சே இல்லை. வாகாமின் சின்னப் பலகை 2048 அழுத்த நிலை சொல்கிறது, உங்களுக்கு அதுவே அதிகம். முக்கியமாக, உங்கள் உள்ளங்கை தொடுதிரையில் படவே படாது. பலகை பேனாவை மட்டும்தான் பார்க்கும். முழுக் கையையும் ஊன்றிச் சாவகாசமாக எழுதலாம், தோளுக்கு வேலை இல்லை. எழுத சோர்னல் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஓப்பன்போர்டு என்பதும் இலவசம், பள்ளிக்கூடக் கரும்பலகை போலவே செய்தது.

ஒரு குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். கை கீழே எழுதும், கண் திரையைப் பார்க்கும். முதல் நாள் உங்கள் கையெழுத்து முதல் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் தினமும் அரை மணி நேரம் எழுதினால் பிடிபடும். விடுமுறை நாட்களில் பழகிவிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

சிக்கனராசா
பித்தன் அண்ணே, அந்த ஒரு வாரத்தில்தான் பலர் பலகையைப் பரணில் போடுகிறார்கள். என் கூட வேலை பார்த்தவர் ஒருவர் மூன்றாம் நாளே விட்டுவிட்டார். பார்த்த இடத்தில் எழுத்து விழுகிற நிம்மதி அதில் இல்லை.

சுருள்கம்பி
நான் டேபை விற்கச் சொன்னேன். டீச்சரிடம் லேப்டாப் இருக்கிறது என்றால் பலகைதான் நல்ல வழி, என் யோசனையை விலக்கிக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: பலகையில் சில மாடல்கள் ஓடிஜி வயர் (டேபின் சார்ஜ் துளையில் யுஎஸ்பி கருவியைச் செருக உதவும் இணைப்பு) வழியாக ஆண்ட்ராய்டிலும் ஓடும். லேப்டாப் படுத்துவிட்டால் டேபில் செருகலாம். வாங்கும்போது ஆண்ட்ராய்டு என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு டீச்சர்
பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். தெருவில் ஒரு பையன் படம் வரையப் பலகை வைத்திருந்தான், பத்து நாள் இரவல் வாங்கினேன். முதல் மூன்று நாள் அழுகையே வந்துவிட்டது. சிக்கனராசா சார் சொன்ன ஆள் ஏன் விட்டார் என்று புரிந்தது. நான்காம் நாள் எண்கள் எண்கள் மாதிரி வந்தன. பின்னத்தில் மேலே கீழே ஒழுங்காக வர எட்டாம் நாள் ஆனது. பலகையின் முழுப் பரப்பும் முழுத் திரைக்கு என்று இருந்ததை மாற்றி, திரையில் பாதிக்கு மட்டும் என்று அமைத்தேன். அதற்குப் பிறகுதான் எழுத்து கட்டுக்குள் வந்தது. பழகப் போகிறவர்கள் அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

நேற்று அந்தப் பலகையை வைத்தே வகுப்பு எடுத்தேன். தசமப் புள்ளி பற்றி ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. தோளும் வலிக்கவில்லை. பழையது ஒன்று 1,800க்குச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் பிள்ளைகளின் விடைத்தாளை டேபில் திருத்தும்போது இன்னமும் கைக்குட்டையும் 350 ரூபாய் ரப்பர் பேனாவும்தான். சரி, தப்பு என்று போட அது போதும்.

பலகைப்பித்தன்
பழையது வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நாலு மூலையிலும் பேனாவை வைத்து அம்புக்குறி மூலைக்குப் போகிறதா என்று பாருங்கள். வயர் செருகும் இடத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள், தொடர்பு அறுந்தால் வாங்காதீர்கள். பேனா முனை தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்று முனைகள் தனியாகவே கிடைக்கும்.

சிக்கனராசா
டீச்சர், விடைத்தாள் திருத்த என் வகைப் பேனா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பொடியாகக் குறிப்பு எழுத ரப்பர் முனை ஒத்துவராது. என்னிடம் கூடுதலாக ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்.