மறு: குருசடி வளைவு நிதி – வயர்லெஸ் அறையை முதலில் பார்ப்போம்

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம்தான் ஊரிலிருந்து துபாய் திரும்பினேன். நம்ம குருசடிக்கு, அந்தச் சிலுவை வைத்த சிறு கோயிலுக்கு, வளைவு கட்ட ஆளுக்கு 200 திர்ஹாம் கேட்ட கடிதத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மைனி சொன்னதால்தான் கடலில் நிற்கிற படகுகளுக்குச் சேதி சொல்லும் கடற்கரை வயர்லெஸ் அறையைத் திறந்து பார்த்தேன். பேட்டரி முனையில் விரல் தடிமனுக்குப் பச்சைக் களிம்பு. ஏரியல் வயர் உப்புக்காற்றில் இற்றுப்போய், யாரோ தங்கூசியால், அந்த நைலான் வலை நூலால், கட்டி வைத்திருக்கிறார்கள். வயர்லெஸ் செட்டைப் போட்டால் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டில் கடைசிப் பெயர் 2021 அக்டோபரில் எழுதியது.

ஒக்கிப் புயல் நேரம் ஞாபகம் இருக்கும். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைப் பக்கம் கிடந்த தாழ்வு மறுநாளே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்குகடலுக்குப் போனவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கரை செட்டு அவ்வளவு தூரம் எட்டாதுதான். ஆனால் கிட்டத்தில் நிற்கிற படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. அந்த முதல் சத்தமே இன்று நம்ம கரையில் கிடையாது.

அந்த நோட்டு அதைவிட முக்கியம். என் தம்பி போன படகில் பத்துப் பேரா பதினொரு பேரா என்றுகூட அன்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். மகாராஷ்டிராவில் தேவ்கட்டில் கரையேறிய பிறகு யாரோ ஒருவர் போனில் அவன் கூப்பிட்டபோதுதான் பதினொரு பேர் என்று தெரிந்தது. அவன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்தும், டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்துக்கு மறியலுக்கு அம்மா நடந்தே போனாள், மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காக.

குவைத் மாமா, 2018 ஜெனரேட்டர் கணக்கை நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்கிறேன். அது வரும்வரை ஒரு பைசா கிடையாது என்று நீங்கள் சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பேட்டரியும் வயரும் தம்பி வாங்கட்டும், பில்லை நான் இங்கே போடுகிறேன்.

சிங்கப்பூர் அண்ணா, பக்கத்து ஊர் வளைவு உயரமாக நிற்பது உங்களுக்கு உறுத்துகிறது. தேர்த் தகராறில் உங்கள் அப்பா பட்டதும் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது நம்ம பிள்ளைகளுக்குக் காற்று நிலவரம் சொல்வது அதே பக்கத்து ஊர் செட்டுதான். எனக்கு மானக்கேடாக இருப்பது அது.

ஒக்கி வந்த அதே கார்த்திகை பிறக்கப் போகிறது. வளைவு அடுத்த திருவிழாவுக்கு ஆகட்டும். வயர்லெஸ் அறைக்கு முதல் 200 திர்ஹாம் நான் இன்றே அனுப்புகிறேன். அறைச் சாவி மைனியிடம் இருக்கிறது, நோட்டு எழுதவும் சம்மதித்துவிட்டார். பழைய நோட்டிலேயே எழுதட்டும், அதில் இன்னும் பாதிக்கு மேல் தாள் இருக்கிறது.