ஃபிளாஷ் மெமரி தின்னும் மின்சாரம்: அளந்து பார்த்த அனுபவங்கள்

பேட்டரியில் ஓடும் ஒரு கருவிக்காக எஸ்எல்சி நேண்ட் சிப்பின் (ஒவ்வொரு நினைவகச் செல்லிலும் ஒரு பிட் மட்டும் வைக்கும் ஃபிளாஷ் மெமரி) மின்செலவைக் கணக்கிட வேண்டியிருந்தது. டேட்டாஷீட்டில் எழுதும்போது 25 மில்லி ஆம்பியர், 200 மைக்ரோ செகண்ட் என்று இருந்தது. 3.3 வோல்ட்டால் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு (ஒரே தடவையில் எழுதப்படும் தரவுத் தொகுதி) 16.5 மைக்ரோ ஜூல். சரி, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பேட்டரி கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மல்டிமீட்டர் இவ்வளவு வேகமான மாற்றத்தைப் பிடிக்காது. மின்வழியில் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் கிடைப்பது 2.5 மில்லிவோல்ட், அது இரைச்சலிலேயே மூழ்கிவிட்டது. 1 ஓமுக்கு மாற்றினேன். அப்போதும் ஆசிலோஸ்கோப்பில் மழுங்கிய மேடு மட்டுமே தெரிந்தது. ரெசிஸ்டருக்கும் சிப்புக்கும் நடுவே இருந்த கெபாசிட்டர்தான் காரணம். திடீர்த் தேவையை அதுவே கொடுத்துவிட்டு, பிறகு மெதுவாக நிரம்பிக்கொள்கிறது. மொத்த ஆற்றல் சரியாக வரும், வடிவம்தான் போய்விடும். கெபாசிட்டரைச் சிறியதாக மாற்றி, சிப் வேலையாக இருப்பதைக் காட்டும் ரெடி/பிஸி பின்னை, அளவீட்டைத் தொடங்கிவைக்கும் டிரிகராக வைத்த பிறகு பார்த்தால், சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகத் துடிப்புகள்! ஒரு துடிப்பு, ஒரு சரிபார்ப்பு, சற்றே கூடிய வோல்ட்டேஜில் அடுத்த துடிப்பு. 3.3 வோல்ட்டை உள்ளே 20 வோல்ட் அளவுக்கு ஏற்றும் சார்ஜ் பம்பின் உழைப்பு அது. அன்று வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தரவை மாற்றிப் பார்த்தேன். அழித்த செல் எல்லாமே 1. அதனால் முழுக்க 1 எழுதினால் சீக்கிரம் முடிந்தது. முழுக்க 0 எழுதினால் சீப்பு நீண்டது. எங்கள் பதிவுகளில் பெரும்பாலும் 0-தான். பிட்டுகளைத் தலைகீழாக்கிச் சேமித்தோம், செலவு குறைந்தது. மின்செலவைக் கணிக்கும் கணக்கு மாதிரியிலும் படிப்பு, எழுத்து, அழிப்பு மூன்றுக்கும் தனித்தனி எண் வைத்து, எழுத்தை 0-களின் எண்ணிக்கையோடு இணைத்தேன்.

—

அருமை. ஆனால் எஸ்எஸ்டியில் இந்த வழி பலிக்காதுங்க. அதன் உள்ளே சிப்புகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் தரவைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதும். நீங்கள் எதைக் கொடுத்தாலும் 0-வும் 1-ம் ஏறக்குறைய சரிபாதி. அங்கே நான் ஏமாந்தது வேறு இடத்தில். கோப்பு எழுதி முடிந்ததும் அளவீட்டை நிறுத்திவிட்டேன். ஒருநாள் நிறுத்த மறந்து விட்டதில்தான் தெரிந்தது, மின்னோட்டம் அதன் பிறகும் இறங்கவே இல்லை. எஸ்எல்சி கேஷில், அதாவது வேகமாக எழுதத் தற்காலிகமாக வைக்கும் பகுதியில், இருந்ததை உள்ளே இடம் மாற்றிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஐடில் (சும்மா இருக்கும்) அளவுக்குத் திரும்பும் வரை காத்திருந்து, மொத்தத்தையும் அந்த எழுத்தின் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

—

எம்எல்சியில் (ஒரு செல்லில் இரண்டு பிட் வைக்கும் வகை) இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே செல் வரிசையில் இரண்டு பக்கங்கள்: கீழ்ப்பக்கம் சட்டென்று முடியும், மேல்பக்கம் நான்கு நிலைகளையும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டியிருப்பதால் இழுக்கும். சராசரி ஒன்றை வைத்து மாதிரி கட்டி, ஒரு வாரம் பிழை தேடினேன். பக்க எண்ணைப் பார்த்து இரண்டு மதிப்புகள் கொடுத்ததும் அளந்த வளைவும் மாதிரியின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.